பட்டாசுக்கும் பெருஞ்சத்தத்துக்கும் அஞ்சும் செல்லப்பிராணிகள்: முன்கூட்டியே தொடங்க வேண்டிய பயிற்சி முதல் மறுநாள் கவனிப்பு வரை

பட்டாசு வெடிக்கும் இரவில் கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்கும் நாயைப் பார்க்கும் பலர், இந்த ஓர் இரவு கழிந்தால் போதும் என்று பொறுத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை அதற்குப் பழகிவிடும் என்றும் நம்புகிறார்கள். ஆனால் சத்தம் குறித்த பயம் பெரும்பாலும் தானாகத் தேய்வதில்லை. தப்பிக்க வழியின்றிப் பயந்து கிடந்த ஒவ்வோர் இரவும் முந்தைய பயத்தின்மேல் சேர்வதால், பட்டாசுக்கு மட்டும் அஞ்சிய பிராணி காலப்போக்கில் இடிச் சத்தத்துக்கும், பிறகு கதவு அறைந்து சாத்தும் ஓசைக்கும், சில சமயம் அந்தச் சத்தத்தை முதலில் கேட்ட தெருவுக்கும்கூட அஞ்சத் தொடங்குகிறது. எனவே பயத்தைக் குறைக்கும் உண்மையான வேலை, வெடிச்சத்தமே கேட்காத அமைதியான மாதங்களில்தான் நடக்க வேண்டும். அந்த இரவில் நம்மால் செய்ய முடிவது பாதிப்பைக் குறைப்பது மட்டுமே.

இந்தப் பயத்துக்கு உடலமைப்பும் ஒரு காரணம். மனிதர்கள் ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கிறோம். நாயின் செவி சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரையும், பூனையின் செவி சுமார் 64,000 ஹெர்ட்ஸ் வரையும் எட்டுகிறது. வெடிக்கும் இடத்துக்கு மிக அருகில் ஒலியின் அளவு 150 டெசிபலைத் தொடக்கூடும். ஆனால் அளவைவிடவும் அச்சுறுத்துவது அதன் கணிக்க முடியாத தன்மைதான். எந்தத் திசையிலிருந்து வரும், எப்போது வரும், எப்போது ஓயும் என்று எதுவும் தெரியாத ஒலி, கூடவே பளிச்சிடும் ஒளியையும் புகை நாற்றத்தையும் கொண்டுவருகிறது. நமக்கு அதன் காரணம் தெரியும், அவற்றுக்குத் தெரியாது.

படி 1: பயத்தின் அறிகுறிகளை இனங்காணுங்கள்

நடுங்குவதும் ஓடி ஒளிவதும் எல்லோர் கண்ணிலும் படும். அவற்றுக்கு முன்பே தோன்றும் சிறிய அறிகுறிகளே பயிற்சிக்குப் பெரிதும் பயன்படுகின்றன. களைப்பில்லாமல் கொட்டாவி விடுவது, உணவு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குவது, காதுகளைப் பின்னுக்கு மடக்குவது, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்ப்பது, வெப்பமில்லாத நேரத்தில் மூச்சிரைப்பது, ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் நடப்பது, வழக்கமாகத் துள்ளிக் குதித்து வாங்கும் தின்பண்டத்தை மறுப்பது ஆகியவை நாயிடம் கவனிக்க வேண்டியவை. பயம் முற்றும்போது எச்சில் ஒழுகுவதும், வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதும், கதவையும் சன்னலையும் பிறாண்டித் தப்பிக்க முயல்வதும் நிகழும். இவற்றைக் குறும்பு என்றோ கீழ்ப்படியாமை என்றோ எண்ணி அதட்டுவது, பயத்தோடு இன்னொரு பயத்தைச் சேர்ப்பதாகும்.

பூனையின் பயம் அமைதியானது என்பதால் எளிதில் தவறவிடப்படுகிறது. சத்தத்தின்போது ஒரு மூலையில் அசையாமல் அமர்ந்திருக்கும் பூனையைப் பார்த்து, அதற்கு எதுவும் ஆகவில்லை என்று பலர் சொல்வதுண்டு. உடலைக் குறுக்கி, கண்மணிகள் விரிந்து, வாலை உடலோடு ஒட்டி வைத்திருந்தால் அந்தப் பூனை நன்றாகப் பயந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இந்த நடத்தைகளைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையின் மேசைமீது நிற்கும் பிராணி வீட்டில் காட்டும் அறிகுறிகளைக் காட்டாது. மருத்துவருக்கு அந்தக் காணொளி நீங்கள் வாயால் சொல்லும் விவரத்தைவிட அதிகம் சொல்லும்.

படி 2: உடலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்வோரே மிகுதி. 2018-இல் வெளியான, இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று, சத்தத்துக்கு அஞ்சும் 20 நாய்களின் மருத்துவக் குறிப்புகளை ஒப்பிட்டது. அவற்றில் மூட்டு அல்லது தசை வலி இருந்த நாய்களுக்குச் சத்தத்தின் மீதான பயம், வலியில்லாத நாய்களைவிடச் சராசரியாக 4 ஆண்டுகள் பிந்தித் தொடங்கியிருந்தது. திடுக்கிடும்போது உடல் விறைக்கிறது. ஏற்கெனவே வலிக்கும் மூட்டில் அந்த விறைப்பு மேலும் வலியைத் தருவதால், ஒலியும் வலியும் பிராணியின் மனத்தில் ஒன்றாக இணைந்துவிடுகின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஆகவே பல ஆண்டுகள் பட்டாசைப் பொருட்படுத்தாமல் இருந்த நாய் நடுவயதிலோ முதுமையிலோ திடீரெனப் பயப்படத் தொடங்கினால், பயிற்சியை ஆரம்பிப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் முழு உடல் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். வலியைக் கவனிக்காமல் செய்யும் பயிற்சி பலன் தராது.

படி 3: அமைதியான மாதங்களில் ஒலிப் பயிற்சி

குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள் கையிலிருக்கும்போது இதைத் தொடங்க வேண்டும். இதில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று, அஞ்ச வைக்கும் ஒலியை அஞ்சாத அளவுக்குத் தணித்து, மெல்ல மெல்ல உயர்த்துவது. மற்றொன்று, அந்த ஒலி கேட்டவுடன் மிகப் பிடித்த ஒன்று கிடைக்கும் என்று பிராணியின் மனத்தில் பதிய வைப்பது. முதலாவதை மட்டும் செய்வோர் பாதி வேலையே செய்கிறார்கள்.

தொடக்கத்தில் ஒலி எதுவும் வேண்டாம். ஒரு விரிப்பைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் நாய் படுத்து உடல் தளர்ந்திருக்கும் ஒவ்வொரு கணத்துக்கும் அமைதியாக ஒரு சிறு துண்டுத் தின்பண்டம் கொடுங்கள். சில வாரங்களில் அந்த விரிப்பைக் கண்டாலே நாயின் உடல் தளரத் தொடங்கும். பிறகு பட்டாசு ஒலிப்பதிவு ஒன்றை, பிராணியின் காது மட்டும் லேசாகத் திரும்பும் அளவுக்கு மிகக் குறைந்த ஒலியில் வையுங்கள். நமக்கே கேட்கிறதா இல்லையா என்று ஐயம் வரும் அளவு அது. ஒலி தொடங்கிய பிறகு தின்பண்டம் வர வேண்டும், ஒலி நின்றதும் தின்பண்டமும் நிற்க வேண்டும். இந்த வரிசை தலைகீழாகி, தின்பண்டம் முதலில் வந்து ஒலி பின்னால் வந்தால், தின்பண்டமே ஆபத்தின் முன்னறிவிப்பாக மாறிவிடும். அதன்பின் உங்கள் கை தின்பண்டப் பையை நோக்கிச் சென்றாலே பிராணி பதறும்.

ஒரு முறைக்கு ஐந்து நிமிடங்கள் போதும், பத்து நிமிடங்களைத் தாண்ட வேண்டியதில்லை. அடுத்தடுத்த சில பயிற்சிகளில் பிராணி தளர்வாக இருந்தால் மட்டும் ஒலியை ஓர் அளவு கூட்டுங்கள். கொட்டாவி, உதடு நக்குதல், தின்பண்ட மறுப்பு ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு, மறுநாள் இரண்டு அளவு குறைத்து மீண்டும் தொடங்குங்கள். எவ்வளவு வேகமாக முன்னேற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பிராணிக்கே உண்டு. பயந்த பிராணியைப் பெருஞ்சத்தத்தின் நடுவே நிறுத்தி வைத்தால் பயம் தெளிந்துவிடும் என்று சிலர் இன்றும் அறிவுரை கூறுகிறார்கள். அப்படிச் செய்யப்பட்ட பிராணி அசையாமல் நிற்பது துணிவால் அல்ல, செயலற்றுப் போவதால்தான்.

ஓர் அறையில் நன்றாகப் பழகியதும், ஒலிபெருக்கியை வேறு அறைக்கு மாற்றுங்கள், வேறு திசையில் வையுங்கள், வேறு வகை வெடிகளின் பதிவைப் பயன்படுத்துங்கள். பிராணிகள் கற்றதை இடத்தோடும் சூழலோடும் சேர்த்தே நினைவில் கொள்கின்றன. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி வெடியின் ஆழ்ந்த அதிர்வை வெளிப்படுத்தாது என்பதால் கொஞ்சம் பெரிய ஒலிபெருக்கி நல்லது. அப்போதும் தரையில் உணரும் அதிர்வையும் ஒளியையும் நாற்றத்தையும் எந்தப் பதிவாலும் தர இயலாது. சில நாய்கள் ஒலிப்பதிவைச் சற்றும் பொருட்படுத்தாமல் உண்மையான வெடிக்கு மட்டும் நடுங்குவதுண்டு. அவற்றுக்கு இந்தப் பயிற்சி அதிகம் உதவாது.

அத்தகைய பிராணிகளுக்கும் உதவக்கூடிய எளிய முறை ஒன்று உள்ளது. ஆண்டு முழுவதும், வீட்டில் எதிர்பாராமல் ஏதேனும் சத்தம் எழும்போதெல்லாம், பாத்திர மூடி விழுந்தாலும், வண்டியின் ஒலிப்பான் கேட்டாலும், உடனே மிகப் பிடித்த தின்பண்டம் ஒன்றைக் கொடுங்கள் அல்லது விளையாட்டைத் தொடங்குங்கள். பிராணி பயந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆய்வாளர் ஸ்டெஃபானி ரீமர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 1,225 நாய் வளர்ப்போரிடம் எந்த முறை பலன் தந்தது என்று கேட்டார். உண்மையான சத்தத்தின்போது தின்பண்டமோ விளையாட்டோ தருவது பலனளித்ததாக அதைச் செய்தவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் கூறினர். தளர்வுப் பயிற்சியும் மருத்துவர் பரிந்துரைத்த மருந்துகளும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தன. ஒலிப்பதிவுப் பயிற்சி 55 விழுக்காட்டையும், உடலை இறுக்கி அணைக்கும் சட்டை 44 விழுக்காட்டையும் பெற்றன. ஃபெரோமோன் (பிராணிகள் ஒன்றுக்கொன்று செய்தி உணர்த்த வெளியிடும் வேதிப்பொருளின் செயற்கை வடிவம்), மூலிகை, நறுமண எண்ணெய், ஹோமியோபதி போன்றவை எல்லாம் 27 முதல் 35 விழுக்காட்டுக்குள் அடங்கின. இவை வளர்ப்போரின் சொந்த மதிப்பீடுகள்தாம். ஆயினும் உழைப்பையும் பணத்தையும் எதில் செலவிடுவது என்ற கேள்விக்கு இந்த வரிசை தெளிவான விடை தருகிறது என்றே கருதுகிறேன்.

குட்டியை வளர்ப்பவர்களுக்கு இந்த வேலை மேலும் எளிது. நாய்க்குட்டிகள் 3 முதல் 12 அல்லது 14 வார வயது வரையிலும், பூனைக்குட்டிகள் 2 முதல் 7 வார வயது வரையிலும் உலகத்தின் ஒலிகளை இயல்பானவையாக எளிதில் ஏற்றுக்கொள்கின்றன. அந்தப் பருவத்தில் மெல்லிய ஒலிகளை உணவோடும் விளையாட்டோடும் அறிமுகப்படுத்துவது பிற்காலத்தில் பல மாதப் பயிற்சியை மிச்சப்படுத்தும்.

படி 4: பதுங்கிடம் ஒன்றை அமையுங்கள்

பதுங்குவது பயத்தைச் சமாளிக்கப் பிராணிக்குத் தெரிந்த நல்ல வழி. அதைத் தடுக்கக் கூடாது. வீட்டின் உட்புறத்தில், சன்னல் இல்லாத அல்லது குறைந்த அறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிராணி ஏற்கெனவே ஓர் இடத்தைத் தானாகத் தேடிச் செல்கிறது என்றால், நீங்கள் விரும்பும் இடத்தைவிட அது விரும்பும் இடமே சிறந்தது. மேசைக்கு அடியிலோ திறந்த கூண்டிலோ தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டு, உள்ளே அதன் வழக்கமான படுக்கையையும் உங்கள் வாசம் படிந்த பழைய துணி ஒன்றையும் வையுங்கள். கூண்டின் கதவை ஒருபோதும் பூட்டாதீர்கள். பீதியில் கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு. பூனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதுங்கிடங்கள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது உயரத்தில் இருக்கட்டும்.

இந்த இடத்தைக் குறைந்தது சில வாரங்களுக்கு முன்பே அமைத்து, அங்கே அவ்வப்போது உணவும் தின்பண்டமும் கிடைக்கும்படி செய்ய வேண்டும். வெடி தொடங்கிய பிறகு முதன்முறையாகக் காட்டப்படும் இடம் பாதுகாப்பானது என்று பிராணிக்கு எப்படித் தெரியும்?

படி 5: மருந்து பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்

மருந்து கொடுப்பதைத் தோல்வியாக எண்ணும் போக்கு பரவலாக உள்ளது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்கும், மணிக்கணக்கில் நடுங்கும் அளவுக்கும் பயப்படும் பிராணிக்கு மருந்து மறுக்கப்படுவதை நான் ஏற்கவில்லை; அது தேவையற்ற துன்பம். பயம் தணிந்த நிலையில்தான் பயிற்சியும் மனத்தில் பதியும்.

நாய்களின் சத்த பயத்துக்கென்றே அனுமதி பெற்ற மருந்துகள் இன்று உள்ளன. டெக்ஸ்மெடிட்டோமிடின் ஜெல் 2015-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது. அதைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே தடவ வேண்டும். நாய் விழுங்கிவிட்டால் அது சரிவர வேலை செய்யாது, கொடுப்பவர் கையுறை அணிய வேண்டும். இமெபிட்டோயின் 2018-இல் சத்த பயத்துக்கான அனுமதியைப் பெற்றது. அதைச் சத்தம் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு 2 நாட்கள் முன்பே தொடங்க வேண்டும் என்பதால், கடைசி நேரத்தில் மருத்துவரிடம் ஓடுவோருக்கு அது பயன்படாது. இவை தவிர டிராசோடோன், காபாபென்டின் போன்றவற்றையும் பிராணியின் வயதையும் நோய்களையும் பார்த்து மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. பூனைகளுக்குப் பெரும்பாலும் காபாபென்டின் தரப்படுகிறது.

எந்த மருந்தானாலும் பயம் தொடங்கும் முன்பே உடலில் வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். சத்தமில்லாத ஒரு நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது, ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். சில பிராணிகளுக்கு அளவு போதாது, சில தள்ளாடும்; இதை அந்த இரவில் கண்டறிவது நல்லதல்ல. அசிப்ரோமசின் என்ற பழைய மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பது குறித்து எச்சரிக்கை தேவை. அது உடலை அசையவிடாமல் செய்யும், ஆனால் பயத்தைக் குறைக்காது. அமைதியாகக் கிடப்பதாக நாம் நினைக்கும் பிராணி உள்ளுக்குள் முழுப் பயத்தோடு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மனிதர்களுக்கான மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். வாய்வழி கொடுக்கப்படும் டயசிபாம் சில பூனைகளின் கல்லீரலை முற்றிலுமாகச் செயலிழக்கச் செய்திருக்கிறது.

படி 6: அன்று பகலில் செய்ய வேண்டியவை

நீண்ட நடையையும் மலஜல வேலையையும் இருட்டும் முன்பே முடித்துவிடுங்கள். நடக்கும்போது கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாமல் மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸையும் போட்டு, இரண்டிலும் வாரை இணையுங்கள். பயந்த நாய் பின்னோக்கி இழுத்துக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்வது மிக எளிது. கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் தெளிவாக இருக்கிறதா என்றும், தோலுக்கு அடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு பொருத்தியிருந்தால் அதன் பதிவில் உங்கள் இன்றைய எண் உள்ளதா என்றும் சரிபாருங்கள். எண் மாறிய பின் பதிவைப் புதுப்பிக்காத சிப்பால் பயனில்லை.

வெளியே உலவும் பூனையை மாலைக்கு முன்பே உள்ளே கொண்டுவந்து, மலத்தட்டையும் தண்ணீரையும் அதன் பதுங்கிடத்துக்கு அருகில் வையுங்கள். இரவு உணவைச் சத்தம் தொடங்கும் முன்பே கொடுத்துவிட்டால் நல்லது. பிறகு அது உண்ண மறுக்கலாம். கதவு, சன்னல், திரைகள் ஆகியவற்றை மூடுங்கள். அறையில் விளக்கு எரிந்தால் வெளியே தோன்றும் ஒளிச்சிதறல் அவ்வளவாகத் தெரியாது. மின்விசிறியையோ, தாளம் அழுத்தமாக உள்ள இசையையோ சத்தம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே ஓடவிடுங்கள். வெடிச்சத்தத்தை முழுக்க அமுக்க வேண்டுமென்று ஒலியை உச்சத்தில் வைத்தால், அதுவே இன்னொரு தொல்லையாகும்.

படி 7: சத்தம் தொடங்கிய பின்

தனியாக விட்டுச் செல்லாதீர்கள். ஆறுதல் தேடி உங்களிடம் வந்தால் தாராளமாக ஆறுதல் கொடுங்கள். பயந்த பிராணியைத் தடவிக்கொடுத்தால் பயம் வலுப்படும் என்ற பழைய அறிவுரை பலரைத் தங்கள் நாயைக் கண்டும் காணாமல் இருக்க வைத்திருக்கிறது. அது தவறான அறிவுரை. பயம் ஓர் உணர்ச்சி. பரிசு கிடைப்பதற்காகப் பிராணி செய்துகாட்டும் தந்திரம் அன்று. மெதுவாகப் பேசுங்கள், நீளமாகத் தடவுங்கள், பதற்றமில்லாமல் அருகில் அமர்ந்திருங்கள். மாறாக, அது விலகிப் பதுங்கினால் பின்தொடர்ந்து இழுக்காதீர்கள். ஒளிந்திருக்கும் பிராணியை வெளியே இழுக்க முயலும் கை, குறிப்பாகக் குழந்தையின் கை, கடிபடும்.

ஒவ்வொரு வெடிக்கும் பின் உடனே தின்பண்டம் கொடுங்கள். வாங்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். உண்ண முடியாத அளவுக்குப் பயம் மிகுந்துவிட்டது என்றே அதற்குப் பொருள், அப்போது துணையாக இருப்பதே போதும். நிலைகொள்ளாமல் நடக்கும் நாயைக் கட்டிப்போடாதீர்கள். காதுக்குள் பஞ்சைத் திணிப்பதும் வேண்டாம். உள்ளே சிக்கிக்கொள்ளும், அத்துடன் தலையை உதறி உதறிப் பதற்றம் கூடும்.

சிறு பிராணிகளும் பறவைகளும்

முயல், கினிப் பன்றி போன்றவற்றின் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, புதைந்துகொள்ள வைக்கோலை மிகுதியாக இட்டு, காற்றுப் போக இடம் விட்டுப் பாதியளவு மூடினால் போதும். முயல் பின்னங்காலால் தரையைத் தட்டுவது அபாய அறிவிப்பு. முயலிடம் மறுநாள் கவனிக்க வேண்டியது அதன் உணவு: பயத்தால் குடலியக்கம் நின்றுவிடக்கூடும் என்பதால், அரை நாளாக உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருக்கும் முயலை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். கூண்டுப் பறவைகள், குறிப்பாகக் காக்கட்டீல் கிளிகள், இருட்டில் திடுக்கிட்டுக் கூண்டில் மோதிச் சிறகை முறித்துக்கொள்வதுண்டு. மெல்லிய வெளிச்சம் ஒன்று எரியட்டும். பறவைகளின் நுரையீரல் புகையைச் சற்றும் தாங்காது, எனவே சன்னலை மூடுவது இங்கே இரட்டிப்பு முக்கியம்.

மறுநாளும் அதன்பின்னும்

சத்தம் ஓய்ந்ததும் பிராணியின் உடல் உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. ஓரிரு நாட்கள் அதிகத் தூக்கமும் எளிதில் திடுக்கிடுதலும் இருக்கலாம். அந்த நாட்களில் புதிய விருந்தினர், குளியல், நெரிசலான இடங்கள் ஆகியவற்றைத் தள்ளிப்போடுங்கள். நாயை வெளியே விடும் முன் முற்றத்தையும் வாசலையும் பெருக்கிவிடுங்கள். வெடித்து முடித்த பட்டாசுத் துண்டுகளிலும் வெடிக்காமல் கிடப்பவற்றிலும் பேரியம், நைட்ரேட் போன்ற நச்சுப் பொருட்கள் உள்ளன. அவற்றைத் தின்றதாக ஐயம் இருந்தால் வாந்தியோ நடுக்கமோ தோன்றும்வரை காத்திராமல், பட்டாசின் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

பிராணி ஓடிப்போயிருந்தால், பயந்த பூனை பெரும்பாலும் வீட்டுக்கு மிக அருகிலேயே, வண்டிக்கு அடியிலும் படிக்கட்டின் இடுக்கிலும் சத்தமின்றிப் பதுங்கியிருக்கும் என்பதை நினைவில் கொண்டு, விளக்கோடு அங்கிருந்தே தேடத் தொடங்குங்கள். நாய் வெகுதூரம் சென்றிருக்கக்கூடும். அதைக் கண்டால் பெயரைக் கத்திக்கொண்டு துரத்த வேண்டாம். துரத்தினால் அது மேலும் ஓடும். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, முகத்தை நேராகப் பார்க்காமல், தின்பண்டத்தைத் தரையில் சிதறவிட்டு, அது உங்களிடம் வரும்வரை காத்திருங்கள்.